மிஞ்சிய துண்டு

ஒரே பலாப் பலகையிலிருந்து ஒரு ஸ்டூலும், மிஞ்சிய ஒரு துண்டும் பிறந்தன. விடுமுறை நாட்களில் மரவேலை செய்யும் ஞானப்பிரகாசத்துக்கு, ஸ்டூலுக்கு எதைப் பூசுவது என்று குழப்பம். அதனால் துண்டின் மேல் வார்னிஷ், அரக்கு, எண்ணெய் என்று பட்டை பட்டையாகப் பூசிக் காயவைத்தார்.

"எனக்கு வார்னிஷ்தான் வேணும். கண்ணாடி மாதிரி மின்னணும்" என்றது ஸ்டூல்.

"மின்னும் அக்கா. ஆனா மூச்சு முட்டுது" என்றது துண்டு.

அவர் வார்னிஷை நகத்தால் கீறினார். வெள்ளைக் கோடு விழுந்தது. அரக்கின் மேல் சூடான காப்பி டம்ளரை வைத்தார். வெள்ளை வளையம் தங்கிவிட்டது. எண்ணெய்ப் பட்டை மட்டும் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டது.

"வலிச்சுதாடா?" என்று கேட்டது ஸ்டூல்.

"சுட்டுச்சு. உனக்குச் சுடாது. உனக்கு எண்ணெய்தான்."

"உன்னை என்ன செய்வார்?"

"வெந்நீர் அடுப்பு இருக்கே!" என்று சிரித்தது துண்டு.

எண்ணெய் குடித்து ஸ்டூல் தேன் நிறமானது. ஆனால் அது துண்டையே பார்த்துக்கொண்டிருந்தது. ஞானப்பிரகாசம் தரையில் வைத்ததும், ஒரு காலை லேசாகத் தூக்கிக்கொண்டது.

"காலையில சமமாத்தானே நின்னே? இப்ப என்ன ஆட்டம்?" என்றபடி அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அடுப்போரம் கிடந்த துண்டை எடுத்து, மெல்லியதாகச் சீவி, ஆடிய காலுக்கு அடியில் செருகினார்.

"கனக்கிறேனாடா?" என்று கிசுகிசுத்தது ஸ்டூல்.

"கனக்குது" என்றது துண்டு. "காலை மட்டும் எடுத்துடாதே, அக்கா."