பொழுது சாயறதுக்குள்ள

"இன்னிக்கே சேலம் போய் ஆபரேஷன் பண்ணலைன்னா, பொழுது சாயறதுக்குள்ள உயிர் போயிடும்."

கட்டிலில் கிடந்த காமாட்சியின் காதில் விழும்படியே சொன்னாள் டாக்டர் ஈவ்லின்.

காமாட்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் சித்தன் கட்டிலை ஒட்டி வந்து நின்றான்.

செம்மநத்தத்திலிருந்து ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு அவளை அவன் கூட்டி வந்தது ஒரு ஊசிக்காகத்தான். பல மாதமாகவே விட்டு விட்டு வயிற்றுவலி. வாய்வு என்று ஓமத் தண்ணி குடிப்பாள், கடையில் மாத்திரை வாங்கிப் போடுவாள். சுருட்டிப் பிடிக்கும் வலி தானாகவே விட்டுவிடும். மறுநாள் காப்பிப்பழம் பறிக்கக் கிளம்பிவிடுவாள். இந்தத் தடவை விடவில்லை. காலையில் பச்சை பச்சையாக வாந்தி எடுத்தாள்.

சித்தன் மெதுவாகக் கேட்டான். "ஏனுங்க டாக்டரம்மா, வலிக்கு ஒரு ஊசி போட்டு உடுங்க. இன்னிக்கு ஊட்டுக்குப் போயிட்டு, நாளைக்கு வேணா சேலம் கூட்டிட்டுப் போறனுங்க."

"நாளைக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இருக்காது."

காமாட்சி அழ ஆரம்பித்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஊசிக்காகக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். படிப்பு இருந்து என்ன, நோயாளி எதிரிலேயே இப்படியா பேசுவது என்றார் ஒரு பெரியவர். சித்தனுக்கும் அதே ஆத்திரம். ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆம்புலன்ஸ் வந்ததும் ஏறிவிட்டான்.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் காமாட்சி அவன் கையை நெரித்தாள். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"நம்ம மக சசிகலா படிப்பை நிறுத்திப் போடாதீங்க. அக்கா ஊட்டுல உட்டாவது படிக்க வைங்க."

"பேசாம இரு புள்ள."

இரண்டு வளைவு தாண்டியது. பிறகு கேட்டாள். "பொழுது எங்க இருக்குதுங்க?"

சித்தன் சன்னல் வழியே பார்த்தான். வெயில் மேற்கே சரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் உச்சியிலதான் இருக்குது."

அடிவாரம் வரும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அவனும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

சேலத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த கையோடு ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சித்தன் கதவையே பார்த்தபடி நின்றான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து யார் வந்தாலும் எதிரே ஓடினான்.

கடைசியில் ஆபரேஷன் செய்த டாக்டரே வந்தார்.

"சிறுகுடல்ல ஒரு கட்டிப்பா. அங்க கட்டி வர்றதே ரொம்ப அபூர்வம். அது இழுத்ததுல குடலுக்குள்ளேயே குடல் சொருகி அடைச்சிடுச்சு. கறுக்க ஆரம்பிச்சிருந்தது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு, குடலைச் சேர்த்துத் தைச்சிட்டோம். கட்டியை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம். ரிசல்ட் வந்ததும் மேற்கொண்டு என்னன்னு பார்க்கலாம். இப்ப உயிருக்குப் பயமில்ல. காலையில வந்திருந்தா இன்னும் நல்லது, நாளைக்கு வந்திருந்தா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

சித்தன் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு, அதுவரை அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"மேல இருக்கிற டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குதுங்க. நல்லதுதான். ஆனா கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாமுங்க. வழியெல்லாம் எம் சம்சாரம் செத்துச் செத்துப் பொழைச்சா."

டாக்டர் அவன் தோளில் கை வைத்தார்.

"அவங்களுக்குத் தெரியாதுப்பா. ஸ்கேன் இல்லாம யாராலயும் உறுதியாச் சொல்லியிருக்க முடியாது. நீங்க கிளம்பினதுமே எனக்குப் போன் பண்ணாங்க. 'என்னன்னு எனக்கே நிச்சயமில்ல சார். மெதுவாச் சொன்னா ஊசி போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க, அதான் பயமுறுத்தி அனுப்பிட்டேன். அது வெறும் வாய்வா இருந்து, அவங்க திரும்பி வந்து என்னைத் திட்டணும்னுதான் வேண்டிக்கிட்டிருக்கேன்'னு சொல்லி அழுதாங்க."