தாமதமாக எரிந்த பல்பு

ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் வீடே எங்களிடம் கேட்கும்: "இருவரும் சேர்ந்து வாழ்வதைத் தொடரலாமா?" ஃபிரிட்ஜும் ஃபேனும் எங்களைப் பற்றி அதனிடம் சாட்சி சொல்லி முடித்த பிறகு வரும் கேள்வி அது. இந்த ஆண்டு என் மனைவி வான்மதி, "வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"காலேஜ்லயும் நான்தான் உன்னைக் கேட்டேன். இப்போ வீடு கேக்குது. நீ என்னிக்காவது கேட்டிருக்கியாடா?"

கேட்டிருக்கிறேன். காலேஜ் மூன்றாம் ஆண்டில், ஈயப் புகையில் இருமி இருமி, ஒரு மைக்ரோகன்ட்ரோலரையும் பொட்டு அளவு பேட்டரியையும் எல்.இ.டி.யையும் சோப்பு டப்பாவுக்குள் அடைத்தேன். பத்து நிமிடம் தூங்கிவிட்டு எரிய வேண்டும். கேன்டீனில் அவள் முன்னால் வைத்தேன். அது எரியவில்லை, டீதான் ஆறியது. வகுப்பே சேர்ந்து எனக்குப் பல்பு கொடுத்தது. பரிதாபப்பட்டு அவளே கேட்டாள்.

பெட்டி கட்டும்போது அந்த டப்பா அவள் கையில் கிடைத்தது. தூக்கிப்போடப் போனாள். அப்போது அது எரிந்தது. மூடிக்குள் ஒட்டியிருந்த தாளில் என் கோணல் எழுத்து தெரிந்தது: 'என்கூடவே இருக்கியா?'

விநாடியில் கேட்ட இடத்தில், பத்து நிமிடத்துக்கான மைக்ரோ விநாடிக் கணக்கை, அறுபது கோடி என்று அடித்திருக்கிறேன். பத்தொன்பது வருடம் தூங்கிவிட்டது.

"அறிமுகமில்லாத கருவி. யாரிடம் கேட்கிறது?" என்றது வீடு.

"என்கிட்ட. நீ சும்மா இரு," என்றாள் வான்மதி. பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். "போய் டீ போடு. பத்து நிமிஷத்துல சொல்றேன்."

நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"உன் பத்து நிமிஷம் இல்லடா! நிஜப் பத்து நிமிஷம்!"