படி தாண்டிய ரஷ்யாக்காரர்

ரஷ்யாக்காரர் செல்லக்கிளியைத் தலைமயிரோடு சேர்த்துப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து போட்டார். போட்டதோடு விடவில்லை; குனிந்து அவள் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார்.

நைட் ஷிப்ட் முடிந்து மைன்ஸிலிருந்து வந்துகொண்டிருந்த கலியன் இதைத் தெருமுனையிலிருந்து பார்த்தான். மார்கழிப் பனி குவார்ட்டர்ஸ் பிளாக்கையே மூடியிருந்ததில் யார் வீட்டு வாசல் என்றுகூட முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் தூக்குச்சட்டியை விட்டெறிந்துவிட்டு ஓடினான். அடிபடுகிறவள் அவன் பெண்டாட்டி. பிள்ளை பெற்று இன்னும் மாதம் நிறையாத பச்சை உடம்புக்காரி.

ஓடும்போதே நேற்றுச் சாயங்காலம் நடந்தது ஞாபகம் வந்தது. இந்த ஆள் கரியில் கரண்ட் எடுக்கும் தெர்மலில் மிஷின் பூட்ட வந்தவர். குளிர்காலத்தில் கூரை வரைக்கும் வீடு பனியில் புதைந்துபோகும் ஊராம் அவருடையது. இங்கே ஜனங்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கும்போது அவர் விடியற்காலையில் பனியனோடு பிளாக் வழியாகக் காற்று வாங்கப் போவார்.

நேற்று டீக்கடை அருகே, கலியன் பழுப்புக் கரிக் கட்டிகளை மூட்டையாகத் தூக்கிப் போவதைப் பார்த்து வழிமறித்தார். வீடு எது என்று கையால் கேட்டார். கலியனும் வெள்ளந்தியாகக் காட்டினான். உடனே அவர் மூட்டையைத் தட்டி, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடித் தூங்குவதுபோல் காட்டி, விரலை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். கடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"உன் வூட்டுல வந்து படுத்துக்கினு போறானாம் கலியா" என்றான் பக்கத்து வீட்டுச் சின்னதுரை. அப்போது கலியனும் சேர்ந்து சிரித்தான்.

கரி மூட்டை செல்லக்கிளிக்காகத்தான். ஊரில், கீற்று வீட்டில், பிள்ளை பெற்றவள் பக்கத்தில் ராப்பகலாகத் தணல் போட்டு வைப்பார்கள். நிலமும் வீடும் சுரங்கத்துக்குப் போய், காங்கிரீட் போட்ட குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டால் மட்டும் அந்த வழக்கத்தை விட்டுவிட முடியுமா? முதல் பிள்ளை இப்படி ஒரு குளிரில்தான் விறைத்துப் போனது. இந்தப் பிள்ளையையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று கலியன் ஷிப்டுக்குக் கிளம்புமுன் சட்டி நிறையத் தணல் போட்டான். ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கை அடைத்தான். யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அந்தக் கதவின் தாழ்ப்பாள் இப்போது பிய்ந்து தொங்கியது.

செல்லக்கிளி கையைத் தூக்கினாள். அவளுக்குப் பேச வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அதைப் பார்த்த ரஷ்யாக்காரர் அவளை விட்டுவிட்டு வீட்டுக்குள் பாய்ந்தார். ஆள் வருவதைப் பார்த்து ஒளியப் போகிறான் என்று நினைத்த கலியன், நிலைப்படியிலேயே அவர் பிடரியைப் பிடித்துவிட்டான்.

முதல் குத்து அவர் மூக்கில் விழுந்தது. ரத்தம் கலியன் சட்டையிலும் தெறித்தது. அவ்வளவு பெரிய உடம்பு, திருப்பி ஒரு அடி அடித்திருந்தால் கலியன் எழுந்திருக்க மாட்டான். ஆனால் அவர் அடிக்கவில்லை. கத்திக்கொண்டே மறுபடியும் உள்ளே நுழையத்தான் பார்த்தார்.

சத்தம் கேட்டுச் சின்னதுரை உருட்டுக்கட்டையோடு வந்தான். அவன் பின்னால் பிளாக்கே வந்தது. அடிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டால் குளிர்கூடத் தெரியாது போலிருக்கிறது. போர்த்தியிருந்த சாக்குகளைப் போட்டுவிட்டு ஆளுக்கு ஆள் கை வைத்தார்கள். என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கட்டை முழங்காலில் இறங்கியது. விழுந்தவர் எழவில்லை. ஆனால் கையை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு, மறுபடியும் வாசற்படியை நோக்கியே நகர்ந்தார். இப்படி ஒரு வெறி பிடித்தவனைக் கலியன் பார்த்ததில்லை.

"வூட்டுக்குள்ள இன்னாடா வேல உனக்கு?" என்று அந்தக் கையை மிதித்தான். விரல் முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. பாவமாக இல்லை, இன்னும் மிதிக்கவேண்டும் போலத்தான் இருந்தது.

கடைசியில் கயிறு கொண்டுவந்து அவரை விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். வாயில் ரத்தம் வழிய, வீட்டையே பார்த்து அவர் அழுதார். அடி தாங்காமல் அழுகிறான் என்று சின்னதுரை சிரித்தான். கலியன் மூச்சு வாங்கியபடி படியில் உட்கார்ந்தான். இவ்வளவு கூச்சலிலும் உள்ளே பிள்ளையிடமிருந்து ஒரு சிணுங்கல்கூட இல்லை. நல்லவேளை, தணல் சூட்டில் அது பாட்டுக்கு அசந்து தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டான்.

எதிர்வீட்டு மாணிக்கம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து செல்லக்கிளி முகத்தில் அடித்தாள். செல்லக்கிளி இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்து, பனியை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

உள்ளே தணல் மூச்சை அடைத்துவிட்டது, எழுந்திருக்கக்கூட முடியவில்லை, கதவை உடைத்து வந்து அந்த ரஷ்யாக்காரர்தான் தன்னை இழுத்துப் போட்டார் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். சின்னதுரை கையிலிருந்த கட்டை கீழே விழுந்தது.

செல்லக்கிளி மாணிக்கம்மாளின் மடியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"யக்கா, அவரு புள்ளையத் தூக்கியாந்துட்டாரா?"