இக்னோத்தோவின் வாரிசுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றை நான்தான் கிழித்தேன்.

வேண்டுமென்று இல்லை. விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற பழக்கம். செய்தித்தாள் தாங்கும். நூறு வருஷத்து ஞானஸ்நானப் பதிவேடு தாங்கவில்லை. ஓரத்திலிருந்து நடுப்பக்கம் வரை சத்தமே இல்லாமல் வந்துவிட்டது.

உபதேசியார் ரொமால்டு பார்த்துவிட்டார். கோவில் பதிவேடுகளை முப்பது வருஷமாகக் காத்து வருபவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருக்கலாம்.

நல்லவேளை, எங்கள் வரி தப்பித்திருந்தது.

அதில் அம்மாவின் அப்பா எட்டு நாள் குழந்தை. தாய் கித்தேரி. வீடு, சில்வேரா வீடு. தகப்பன், இக்னோத்தோ.

இந்தக் கடற்கரையில் எல்லாப் பெயரும் இப்படித்தான். போர்த்துக்கீசியர் கப்பலேறிப் போனார்கள், பெயர்கள் போகவில்லை. பெர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது. ஓர் இக்னோத்தோ இருந்தால் என்ன?

சில்வேராக்கள் தோணி முதலாளிகள். கொழும்பு வரை பெயர். இப்போது ஊரில் ஒருவரும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில், பெரிய சிலுவைக்குப் பக்கத்தில், குடும்பக் கல்லறை மட்டும் பளிங்கில் இருக்கிறது.

அம்மா அங்கேதான் படுக்க வேண்டுமாம்.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. படுக்கையில் விழுந்த நாளிலிருந்தே பொது மண் வேண்டாம் என்கிறாள். அங்கே சில வருஷத்தில் தோண்டி அடுத்தவரை வைத்துவிடுவார்கள். நாம் சில்வேரா வீட்டு ஆட்கள் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கேட்டிருக்கிறேன். மீன் வாங்க முடியாத நாட்களில் கொஞ்சம் அழுத்திச் சொல்வாள்.

ஊர்க் கமிட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டது. இக்னோத்தோ அந்தக் குடும்பத்தில் யாருக்கு மகன்?

மூன்று மாதம் தேடினேன்.

பளிங்கில் பதினேழு பெயர்கள். அவர் இல்லை. கல்யாணப் பதிவேட்டில் இல்லை. இறந்தவர் பதிவேட்டிலும் இல்லை.

ஆனால் எட்டு ஊர்க் கோவில்களில் அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு தாய். சில்வேரா வீட்டு முகவரியில் மட்டும் நான்கு பிள்ளைகள், நான்கு வேலைக்காரப் பெண்கள். முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நாற்பது வருஷம். பூட்டன் கொஞ்சம் அப்படி இப்படி என்று சிரித்துக்கொண்டேன். இரும்பு உடம்பு என்று நோட்டில் குறித்தும் வைத்தேன்.

வாட்ஸப்பில் ‘இக்னோத்தோ வாரிசுகள்’ என்று குழு தொடங்கினேன். இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். தினமும் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் அனுப்பிக்கொள்கிறோம். ஒருவருக்கும் இன்னொருவர் சாயல் இல்லை.

அவர் யார் என்று உபதேசியாரிடம் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வேலை வந்துவிடும். திரியை நிமிர்த்துவார். புறாவை விரட்டுவார். அது பெரிய குடும்பம் தம்பி என்பார்.

இன்று காலை அம்மாவுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. ஆள் கிடைத்தாரா என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கிழிந்த பக்கத்தின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தபடி உபதேசியாரைக் கேட்டேன். குடும்பக் கல்லறை இல்லாவிட்டால் போகட்டும், இக்னோத்தோவை எங்கே புதைத்தார்கள் என்று சொன்னால் போதும், அம்மாவை அவர் காலடியில் வைத்துக்கொள்கிறேன்.

அவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. இந்தத் தடவை புறாவும் இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“அது ஆள் பேரு இல்ல, தம்பி. லத்தீனு. தகப்பன் யாருன்னு தெரியலன்னா சாமியாருமாரு அப்படி எழுதுவாவ.”

விரலால் ‘சில்வேரா வீடு’ என்ற இடத்தை மெதுவாகத் தொட்டார்.

“தெரிஞ்சாலும் எழுதக் கூடாதுன்னா, அப்பவும் அதத்தான் எழுதுவாவ.”