கல்யாண மணி

மாதா கோவில் கோபுரத்தில் ஆண் புறா தன் பெட்டையைச் சுற்றிச் சுற்றிக் குனுகியது.

"சீ! ஆண்டவர் வீட்டில இந்த ஆசையா? பாவம்! கூட்டைக் காலி பண்ணுங்க," என்று பக்கத்தில் தொங்கிய கோவில் மணி சீறியது.

பெட்டைப் புறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலையில ஒரு பிள்ளையோட ஞானஸ்நானத்துக்குக் கணகணன்னு அடிச்சியே, அது எப்படிப் பிறந்ததாம்?"

"அது ஆண்டவர் கொடுத்த வரம்."

"வரத்தைக் கொடுத்தவர்தானே ஆசையையும் கொடுத்தார்? மூணு ஞாயிறு பூசையில கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சு, இப்ப கீழே ஒரு கல்யாணம் நடக்குது. அதுங்க ரெண்டும் வீட்டுக்குப் போய் விடிய விடிய செபமாலையா சொல்லப்போகுது? ரோஷமிருந்தா அதுங்களுக்கு அடிக்காதே!"

"அடிக்கவே மாட்டேன்!"

கீழே, மணியடிக்கும் கோவில்பிள்ளை கயிற்றை இழுத்தார். மணியின் நாக்கு அதன் உடம்பிலேயே போய் மோதியது. கல்யாணச் சேதி ஊருக்கே கேட்டது.