கல்லெட்டுக்கு ஒரு சாட்சி

ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் தமயந்தி கண்டெடுத்த ஒரே சொல் 'கல்லெட்'. பதிப்பாசிரியர் அருணகிரி அதை இருமுறை அடித்துவிட்டார். முதலில் 'புல்லட்' என்று திருத்தினார்; பிறகு அது கட்லெட்தான் என்று முடிவுகட்டி, அந்தச் சொல் எழுதிய அட்டையை உணவுப் பிரிவுக்கு அனுப்பினார். மாலையில் அகராதி அச்சுக்குப் போகிறது. தமயந்தி பாட்டில் ஆலைக்குப் போய், டிபன் டப்பாவில் சாட்சியோடு வந்து நின்றாள்.

"கல்லெட்னா உடைஞ்ச கண்ணாடி சார். புதுசு காய்ச்சறப்ப இதையும் போட்டா சீக்கிரம் உருகும்."

வேறு ரகக் கண்ணாடி கலந்தால் எல்லாமே கெட்டுவிடும் என்று உலைக்காரர் சொன்னதைப் புது அட்டையின் பின்புறம் எழுதியிருந்தாள். அருணகிரி எந்த அட்டையிலும் பின்புறம் பார்த்ததில்லை.

அவர் ஒரு சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே உடைந்த மூக்குக்கண்ணாடி.

"என் சம்சாரத்தோடது. போன ஆடியில அவ விழுந்தப்ப உடைஞ்சது. அப்புறம் அவ தவறிட்டா. இதைத் தூக்கிப்போட மனசு வரல. இது சேருமாம்மா?"

"சேரும் சார்."

பொட்டலத்தை டப்பாவுக்குள் வைத்து மூடினார். அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, அதைத் திருப்பினார்.