கரூர் வெயில்

கோத்தகிரிக் குளிரில் ஞானதாசுக்கு மூச்சு இழுக்கும். ஒன்பது வருடம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். டாக்டர் சொன்னதன்பேரில் குடும்பம் கரூருக்கு இறங்கி வந்தது. ஒரே மாதத்தில் அவர் பாயில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார். மனைவி லூர்துமேரிக்குத்தான் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்திலும் முதுகிலும் கொப்புளங்கள். மகளுக்குக்கூடத் தெரியாமல் அவற்றைச் சேலையால் மூடி வைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் விழித்தவர், அவள் ஈரத்துண்டால் முதுகை ஒற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

“ஊருக்கே போயிரலாம் லூர்து. நான் உக்காந்தே தூங்கிக்கிறேன்.”

“நீங்க தூங்கிருவீங்க. மூச்சு நின்னுருமோன்னு பக்கத்துல முழிச்சுக் கிடந்தவ நானு. பேசாம படுங்க.”

அவர் படுத்தார். மூச்சு சீராக ஓடத் தொடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவள் துண்டை மறுபடி நனைக்க எழுந்தாள்.